ஆறும் சுழியும்

எனக்கு வேலை இன்ஷூரன்ஸில்.
எந்தக் கூரை எத்தனை வருடம் நிற்கும்,
எந்த லாரி எந்த வளைவில் கவிழும் என்று
சம்பளத்துக்குச் சொல்கிறேன்.
சம்பளமில்லாமல் சொல்வது
கிங்ஃபிஷர்ஸ் எப்போது ஜெயிக்கும் என்பதை.

நான் பிறந்தபோது சாட்ஸ்வொர்த்தில்
தெருக்களுக்கு எண்தான் பெயர்.
எண்ணை நம்பி வீடு சேர்ந்தவள் நான்.

கேட்டவர் குப்புசாமி ஹார்டுவேர் முதலாளி.
எங்கள் பையன்களின் நெஞ்சில் ஏறி
அவர் கடைப் பெயரும்
சனிக்கிழமைதோறும் தோற்றுவருகிறது.
"வருஷத்தைச் சொல்லு பிள்ளை, போதும்.
காரணமெல்லாம் எனக்கு வேண்டாம்."

காரணம் ஊருக்கே தெரியும்.
அந்த ஏப்ரலில் உம்லாட்டுசானா கரையேறி வந்து
கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது.
ஒன்று மட்டும் கிடைத்தது, இரண்டு பாலம் தள்ளி.
யாரோ அதில் துணி காயப்போட்டிருந்தார்கள்.
மைதானம் இருந்த இடத்தில் சேறு, ஒரு ஃப்ரிட்ஜ்,
ஃப்ரிட்ஜுக்குள் மூடி திறக்காத ஊறுகாய்.
நெவிலன் பெர்த்துக்குப் போனான்,
பின்னாலேயே அவன் தம்பியும்.
கோல்கீப்பர் முட்டி வலிக்கிறதென்று
சர்ச்சுக்குப் போகத் தொடங்கினார்.
மிஞ்சியவர்களின் சராசரி வயது
பதினாறே முக்கால்.

ஆறு வந்த வருடம்
ஆட்டத்துக்கு ஆறு வாங்கினோம்.
ஆறுக்குச் சுழி. ஆறுக்குச் சுழி.
எழுதி எழுதி
என் நோட்டுக்குள்ளும் வெள்ளம்.

எக்செல்லில் பதினேழு கட்டம் போட்டேன்.
யார் மெட்ரிக் எழுதுகிறான்,
யாருடைய மாமா ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறார்,
யாருக்குக் காதலி கிடைத்திருக்கிறாள்.
கடைசியைக் கழித்தலில் போடச் சொன்னார்
கோச் டெரன்ஸ் படயாச்சி.
நான் கூட்டலில் போட்டேன்.
அவள் வரும் சனிக்கிழமைகளில்
ப்ரெஷன் ஓடுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.
கரண்ட் போன மாலைகள் ஒரு கட்டம்.
கார் வெளிச்சத்தில் பயிற்சி செய்தவை தனிக் கட்டம்,
ஏனென்றால் அந்த இரவுகளுக்குப் பிறகு
பந்து வருவதைக் காதால் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

ஒரு பட்டனை அழுத்தினால் விடை வரும்.
முதல் வருடம் சொன்னது: மூன்று வருடம்.
அடுத்த வருடம் சொன்னது: மூன்று வருடம்.
அதற்கடுத்ததும் அதே மூன்று,
வெயிலில் தார் ரோட்டில் மினுங்கும் தண்ணீர் போல
போகப் போக அதுவும் போனது.
சூத்திரத்தில் பிழை தேடினேன். இல்லை.
பிப்ரவரிதோறும் பழைய எண்ணையே
புதுச் செய்தி மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.
குப்புசாமி விரல்விட்டு எண்ணுவார்.
எதோடு கூட்டிப் பார்க்கிறார் என்று தெரியும்;
என் தொழிலே அதுதானே.
அந்தக் கட்டத்தை மட்டும் நான் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை
முதலிடத்து அணி ஃபீனிக்ஸிலிருந்து வந்தது,
சொந்த பஸ்ஸில்.
எங்கள் கோலில் லுங்கெலோ, வயது பதினெட்டு,
கையுறையின் கட்டைவிரல் பச்சை நூலில் தைத்தது.
கடன்காரர்களை வாசலோடு பேசி அனுப்பும்
அவன் அம்மாவைப் போலவே நின்றான்
தொண்ணூறு நிமிடமும்.
எண்பத்தெட்டில் ஒரு பந்து அவனையும் தாண்டியது.
கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.
துணி காயப்போட்டிருந்த அதே கம்பம்.

யாரும் ஜெயிக்கவில்லை.
எல்லோரும் எழுந்து நின்றோம்.
குப்புசாமியும் மெல்ல எழுந்து
என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்,
"ஜெயிச்சிட்டோமா?"
"இல்லை அங்கிள்."
"பின்னே ஏன் எல்லாரும் நிக்கிறாங்க?"

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

ராத்திரி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
எங்களுக்குச் சுழி. அவர்களுக்கும் சுழி.
பக்கத்தின் தலையில்
கை தானாகப் போட்டுவிட்ட பிள்ளையார் சுழியையும் சேர்த்தால்
மூன்று.

பட்டனை அழுத்தினேன்.
அதுவும் மூன்று என்றது.

காலையில் கடை திறந்ததும் போக வேண்டும்.
ஆணி வாங்குவது போல நின்று,
சில்லறையை எண்ணிக்கொண்டே,
இரண்டு என்று
சொல்லப் போகிறேன்.