இரண்டாவது சாவி

சாதோ ஆறு கடலைத் தொடும் செதூபலில்
மீன்சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் அலுவலகம்.
திருட்டுக் கோப்புகள் என் மேசைக்கு,
மோதல்கள் அடுத்த அறைக்கு.
மோதியவர்கள் கத்துவார்கள்.
பறிகொடுத்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள்,
ஏதோ தாங்களே எடுத்து ஒளித்துவைத்தது போல.

தெயோலிந்தா பர்ராதாஸ்
சலவைக்கூடத்து ஈரம் காயாத கையோடு வந்தாள்.
வியாழன் இரவு நிறுத்தியது.
வெள்ளி காலையில் அந்த இடத்தில்
எண்ணெய்ச் சொட்டு மட்டும்.
பதினொரு வயது ரெனோ.

சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
போலீஸ் புகாரின் நகல் வேண்டும். வண்டிப் பத்திரம் வேண்டும்.
அறுபது நாள் பொறுக்க வேண்டும்.
அதற்குள் கிடைத்தால் வண்டி உங்களுடையது,
கிடைக்காவிட்டால் பணம்.
வாங்கிய விலை அல்ல,
திருடுபோன அன்று சந்தையில் அது என்ன பெறுமோ அது.
அதிலும் முதல் இருநூற்றைம்பது யூரோ உங்கள் பங்கு.

"திருடியது நானில்லையே, எனக்கெதற்குப் பங்கு?"

எல்லாரும் கேட்பதுதான்.
பாலிசியின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது அந்த வரி,
எறும்பு ஊர்ந்த தடம் போல.

அப்புறம், சாவிகள். இரண்டும்.

ஒன்றை வைத்தாள்.
மற்றது ஃபிர்மினோவிடம்.
ஃபிர்மினோ பல்மேலாவில், வேறொரு வீட்டில்,
நான்கு வருடமாக.

"தொலைந்தது என்று எழுதிக்கொள்ளுங்களேன்."

எழுதலாம்.
எழுதினால் கோப்பு என் மேசையிலிருந்து எழுந்து
லிஸ்பனுக்குப் போகும், விசாரிப்பவரிடம்.
யாரிடம் கொடுத்தீர்கள், எப்போது,
ஏன் திரும்ப வாங்கவில்லை என்பார்.
கைப்பையை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
"நீங்கள் அவரைக் கூப்பிட முடியுமா?"
அது எங்கள் வேலையில்லை என்றேன்.
இல்லைதான்.

ஒன்பதாம் நாள் பதிவுத் தபாலில் உறை வந்தது.
கடிதம் இல்லை.
வளையத்தில் கார் சாவி,
அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று,
பித்தளை, பல் தேய்ந்தது,
ஏதோ வீட்டுக் கதவினுடையது.
கார் சாவிக்கு எண் கொடுத்துப் பதிந்தேன்.
மற்றதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இழுப்பறையில் ஸ்டேப்ளர் ஊசிப் பெட்டிக்குள் போட்டேன்.

அறுபத்து மூன்றாம் நாள் பணம் போயிற்று.
மூவாயிரத்து நூற்றுப் பத்து.

எழுபத்தொன்றாம் நாள் வண்டி கிடைத்தது,
பேஜா பக்கம், தக்கை மரங்களுக்கு அடியில்,
ஒரு கண்ணாடி உடையாமல்
பேட்டரி மட்டும் செத்து.

தொலைபேசியில் விளக்கினேன்:
பணம் கைமாறிய கணமே வண்டி எங்களுடையது.
ஏலத்துக்குப் போகும்.
"உள்ளே இருப்பது?"
உள்ளே இருப்பதற்கு நீங்கள் காப்பீடு எடுக்கவில்லை,
நாங்கள் காசு தரவில்லை,
ஆகவே அது இன்னும் உங்களுடையது.
மறுமுனையில் சிரித்தாள்.
பதினாறு வருடத்தில்
அந்த விதிக்கு ஒருவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

யார்டுக்கு வந்தாள். மழை.
ஒரு குடை. சீமைமாதுளை ஜாம், பாதி பாட்டில்.
இடது கால் ரப்பர் செருப்பு;
வலதுகால் செருப்பு கள்ளனுக்கு எதற்கோ.
இழுப்பறையிலிருந்து கொண்டுபோனதை நீட்டினேன்.
உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாள்.
"பூட்டை மாற்றி மூன்று வருடம் ஆகிறது."
அவருக்குத் தெரியுமா, என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
எங்கள் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

பெற்றுக்கொண்ட பொருட்கள் என்ற தாளில் எழுதினாள்:
குடை ஒன்று. ஜாம் அரை. செருப்பு ஒன்று. சாவி ஒன்று.
மதிப்பு என்ற பத்தியில்
மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துக்கொண்டு வந்தவள்
சாவிக்கு ஒரு வரி முன்னால் பேனாவை எடுத்துவிட்டாள்.

அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.
தணிக்கைக்கு வந்தால் கேட்பார்கள்.
குடையை விரிக்காமலே
அவள் கேட்டைத் தாண்டிப் போனாள்.