ஒரு 'டக்' மட்டும்

திறப்பை முறுக்கினால் ஒரு 'டக்'.
மறுகா ஒன்றுமில்லை.

குருமண்வெளியில் ஏறிய பாதை
மண்டூர்க் கரையை முட்டி, முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது.
அதன் பலகையில் என் டொல்பின் வான்.
பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு லான்மாஸ்டர்,
மீன்பெட்டியோடு ஒருவன்.
எல்லோரும் என் பிடரியைப் பார்க்கிறார்கள்.
பாதைக்காரக் குணாளன் கேட்கிறான்:
"என்ன கா, இண்டைக்கும் தள்ளவா?"

உள்ளே நாற்பத்திரண்டு சேலை,
பள்ளிக்கூட வெள்ளைத்துணி ஐந்து கட்டு.
வெல்லாவெளியில் தவணைக் காசோடு
வியாழன் மட்டும் வாசலுக்கு வரும் பெண்கள்.

மருதமுனைக்குத் துணி எடுக்கப் போகும் நாளில்
ஹில்மியின் கராஜில் விட்டால்
முதல் முறுக்கிலேயே எழும்பும்,
கூண்டில் ஏறியதும் சொல் மாற்றும் சாட்சிபோல.
பத்துத் தரம் அணைத்தான். பத்துத் தரமும் எழும்பியது.

பற்றரி என்றான். புதுப் பற்றரி, அரைவாசி கடனுக்கு.
ஒரு கிழமை. டக்.
ஸ்டார்ட்டர் பிரஷ் என்றான்.
பதினொரு நாள். டக்.
திறப்புச் சுவிட்ச் என்று மூன்றாவதாய் ஒன்றை மாற்றியபோது
அவன் காசு கேட்கவில்லை.
அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கடன் கொப்பியைக் கிறுக்கிப் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
திகதி, நேரம், வெயிலா மழையா, எஞ்சின் சூடா, எந்த இடம்.
முன்பக்கம்: பாக்கியவதி, இரண்டாயிரம், தரவில்லை.
பின்பக்கம்: செவ்வாய், ஏழரை, குளிர், பாதை, தரவில்லை.

சூட்டில் என்றால் குளிரிலும்.
மழையில் என்றால் வெயிலிலும்.
கரண்ட் போன ஓர் இரவு, போன் வெளிச்சத்தில்,
கடைசி நிரலை மட்டும் விரலால் இழுத்து வாசித்தேன்.
பாதை. பாதை.
பழுகாமத்து மதகு இறக்கம்.
பாதை.
தங்கச்சி வளவு (மண் போட்டு உயர்த்தி
றோட்டுக்குச் சரிகிற வளவு).
பாதை.

வாவியும் வயலுமாய்த் தட்டையாய்க் கிடக்கிற இந்த ஊரில்
பிரேக் இல்லாத சைக்கிளில் பாதி ஆயுளை ஓட்டிவிடலாம்.
சரிவை யார் நினைப்பார்?

"பின்பக்கத்தைத் தூக்குங்க" என்றேன் ஹில்மியிடம்.
சிரிக்காமல் இரண்டு ஜாக்கி போட்டான்.
"அடிங்க அக்கா."
டக்.
"இன்னொருக்கா அடிங்க."
டக்.
ஒரு வான் எழும்பாததற்கு
இரண்டு பேர் அப்படிச் சந்தோசப்பட்டதை
பக்கத்து டயர்க்கடைப் பொடியன் வாயைத் திறந்து பார்த்தான்.

மீற்றரின் ஒரு முனை பற்றரியின் கறுப்பில்,
மறுமுனை எஞ்சின் இரும்பில்.
நான் திறப்பைப் பிடித்திருந்தேன்.
ஒன்றும் காட்டக்கூடாத இடத்தில் ஒன்பது வோல்ட்.

சீற்றைத் தூக்கினோம். நான் இருந்த இடத்துக்கு நேர் கீழே,
ரப்பர் நைந்த எஞ்சின் ஒரு விரல் அகலம் முன்னே சாய்ந்து
ஏர்த் வயரை இழுத்துக்கொண்டிருந்தது.
வெளியே நல்ல வயர், தோலில் ஒரு வெடிப்பில்லை.
பிளேட்டால் கீறினான்.
உள்ளே பச்சைத் தூள். உயிரோடு ஏழெட்டு இழை.
தட்டையில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்பவை,
சரிவில் விட்டுவிடுகின்றன.

வயர் ஆயிரத்து எண்ணூறு. ரப்பரை மறுகா பார்ப்போம் என்றேன்.
"அந்தப் பற்றரிக் காச நினைச்சா வெக்கமா இரிக்கி" என்றான்.
நான் இல்லை என்று சொல்லவில்லை.

வியாழன். பாதை. மூக்குக் கீழே.
குணாளனும் இரண்டு பொடியன்களும்
கேட்காமலே வந்து பின்கதவில் கை வைத்துவிட்டார்கள்.
திறப்பு.
வான் பாய்ந்து கரையேற, ஆறு கையும் காற்றில்.
ஒருவன் முழங்காலில் விழுந்ததைக் கண்ணாடியில் கண்டேன்.

இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.
எஞ்சினை அணைக்கத்தான்
கை வரவில்லை.