வடக்கே போகும் வண்டி

டிக்கெட் கவுன்டரைத் தேடாதே,
லக்ஸம்பர்க்கில் ரயில் இலவசம், பஸ்ஸும்தான்.
கடைக்குள் நுழைந்தால் ‘மொயென்’ சொல்.
ராத்திரியிலும் அதே மொயென்.
ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிடு.

வங்கி மாடிகளைத் துடைத்துவிட்டு
விடிந்ததும் எதிர் சீட்டில் வந்தமர்ந்த
கிராசியேத் சொன்னாள்,
போர்த்துகல்காரி,
விரல்களில் இன்னும் பிளீச்சிங் வாடை.

‘எதை மறந்தாலும் சரி,
இந்த வண்டியில் தூங்கிவிடாதே.
த்ருவாவியெர்ஜ் தாண்டினால் பெல்ஜியம்.
அங்கே டிக்கெட் கேட்பான்.
ஒருமுறை அழுதிருக்கிறேன்,
முழுசாக ஒரு நாள் கூலி.’

சொன்ன வாய் மூடவில்லை,
தூங்கிவிட்டாள்.
எங்கே இறங்குவாள் என்று
நான் கேட்டிருக்கவில்லை.

கிளெர்வோ.
வெள்ளைக் கோட்டை ஜன்னலில் வந்து நின்றது.
அதைப் பார்க்கத்தான் வந்தேன்.
கதவு திறந்தது, மூடியது.

எல்லைக்கு முந்தைய ஸ்டேஷனில்
அவள் தோளைத் தொட்டேன்.