எதிர்முனை

பார்க்க அழகாகத்தான் இருந்தது.
சுத்தியலால் ஒரே தட்டு.
காய்ந்த மெழுகு மாதிரி முழுசாகப் பெயர்ந்து
காலடியில் விழுந்தது.
அடியில் இரும்பு, ஒன்றுமே நடக்காததுபோல்,
பழைய பச்சைப் பெயின்ட்டோடு.

மெஷின் என்னுடையதில்லை.
பக்கத்துப் பண்ணை வெண்டலின் ஹோஃபார்ட்டுடையது.
வேலித் தகராறில் இரண்டு குளிர்காலமாக
எங்களுக்குள் பேச்சில்லை.
கேட்டதும் தந்துவிட்டார்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
"சிலிண்டர் காலி" என்றார். அவ்வளவுதான் பேசியது.

காஸ் இல்லாவிட்டால் என்ன,
மருந்தடைத்த கம்பி இருக்கிறதே என்று
கூட்டுறவுக் கடையில் ஒரு சுருள் வாங்கினேன்.

இன்று நான்காவது நாள். மைனஸ் பதினெட்டு.
கொட்டகைக் கதவிடுக்கு வழியாக
சஸ்காட்சுவான் முழுக்க உள்ளே வரப் பார்க்கிறது.
கொக்கி சரியாகாமல் வண்டி நகராது,
வண்டி நகராமல் வைக்கோல் போகாது,
நாற்பத்தொரு மாடுகளும்
என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

பெயின்ட்டைச் சுரண்டினேன், வெள்ளி தெரியும்வரை.
பற்றவைத்தேன். பற்றவில்லை.
துருவைக் கடித்துக்கொண்டிருந்த எர்த் கிளிப்பை
நல்ல இரும்புக்கு மாற்றினேன்.
பற்றவைத்தேன். கடுகாக வெடித்து
கையுறையில் மூன்று ஓட்டை.
அறுபதடி எக்ஸ்டென்ஷன் வயர்,
காபி மெஷினுக்கே காணாத வயர்,
அதைச் சுருட்டி எறிந்துவிட்டு
மெஷினையே ப்ளக்கடிக்கு இழுத்துப் போனேன்.
தேவலை என்று தோன்றியது.
சுத்தியலுக்குத் தோன்றவில்லை.

கைதான் சரியில்லை என்று முடிவுக்கு வந்திருந்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில் புதுக் கைக்கு எங்கே போவது.

கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்த பிறகு
பக்கமூடியைத் திறந்தேன், சும்மாதான்,
கோபத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்பதுபோல.
மூடியின் உட்புறம் எண்ணெய்க்கறை படிந்த அட்டை.
இரண்டு படம்.
காஸ் என்றால் துப்பாக்கிக்கு நேர்முனை.
மருந்துக் கம்பி என்றால்
எதிர்முனை.

நான்கு நாளாகத் தலைகீழாக ஓடியிருக்கிறது மின்சாரம்.
அவர் தப்பாக ஒன்றும் வைக்கவில்லை.
அவர் கம்பிக்கு அதுதான் சரி.

ப்ளக்கைப் பிடுங்கினேன்.
இரண்டு நட்டு, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்,
இதை அங்கே, அதை இங்கே.

சத்தமே வேறு.
வெங்காயம் வதங்குகிற மாதிரி ஒரே சீர்.
முகமூடிக்குள் பச்சை இருட்டில்
இரண்டு இரும்பும் சின்னக் குட்டையாகி
இது எது அது எது என்று தெரியாமல் போனது.

சுத்தியல். மறுபடி.
பெரிய சுத்தியல்.
கொக்கி வளைந்தது, மூட்டு அசையவில்லை.
அழகு என்று சொல்ல மாட்டேன்.
கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரவேண்டும்.
முனைகளை அவர் வைத்திருந்தபடியே
மாற்றி முறுக்கிவிட்டேன்.
போனதும் கேட்கலாம்,
எங்கே நிரப்பித் தருகிறார்கள் என்று.
வேலியைப் பற்றி அல்ல.
சிலிண்டரைப் பற்றி.