பாதிக் கனத்தில் ஊசி

கொல்லத்துக்காரனிடம் மூவாயிரத்துக்கு வாங்கிய நீச்சல் உடுப்பு.
நெஞ்சில் யாரோ ஒருவரின் பேர்,
அழிந்ததுபோக மூன்றெழுத்து மிச்சம்.
யாராயிருந்தாலும் தொந்தி பெரிசு அவருக்கு.
இடுப்பில் நான்தான் இரண்டங்குலம் பிடித்தேன்.

இப்போது தண்ணீர் உள்ளே வருகிறதாம்.
"அக்குள்ல ஐஸ் வச்ச மாதிரி இருக்கு" என்கிறார் கஸ்பார்,
மார்கழிக் கடலில், ஒன்பது பாகத்தில்,
சிங்கி இறாலுக்கு மூன்று மணி நேரம் கிடந்துவிட்டு.
கரையேறி வெயிலில் உட்கார்ந்தும்
டீ கிளாஸ் பல்லில் தட்டுகிறது.

உவரியில் நான் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்காத பெண் குறைவு.
பாட்டுக்குழுப் பிள்ளைகளின் அங்கி, கொடியேற்றத்துக்குக் கொடி,
எல்லாம் இந்தக் கைதான்.
இது துணியில்லை. தோலுமில்லை.
மெஷினில் கொடுத்தால் ஊசி போன இடமெல்லாம்
கடலுக்கு ஒரு வாசல்.

நல்ல தண்ணீரில் இரண்டு அலசு.
உள்புறத்தை வெளியே திருப்பி
கை முனை, கால் முனை சணலால் இறுக்கி
கழுத்து வழியே குடம் குடமாய் ஊற்றி
உத்திரத்தில் தூக்கினேன்.
தலையில்லாத ஆள் ஒருவர்
வீங்கி ஆடினார்.
எதிர்வீட்டு டெல்பின் மகன் அலறிக்கொண்டு ஓடினான்.

ஊறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸ்.
அக்குளில் மூன்று.
ஜிப்புக்குக் கீழே வேர்வை மாதிரி ஒரு வரி.
முழங்காலில் பார் கடித்த தடம்.
இடது தொடையில் ஒன்று.

தொடையைப் பற்றி அவர் சொல்லவில்லை.

சிப்பி கிழித்தால் ஓரம் பிசிறும்.
இது நேர்கோடு, ஆறங்குலம்.
தொடங்கிய இடத்தில் ஆழம், முடியுமிடத்தில் கீறல்.
பதினாலு வருசமாய்க் கத்திரி பிடிக்கிறேன்,
அவசரத்தில் வெட்டிய வெட்டு தெரியாதா?
தன் பக்கமாய் இழுத்து அறுத்திருக்கிறார்.
சுற்றிலும் நைலான் உரசிய வெள்ளை,
கண்ணி கண்ணியாக.

அப்போ இருபது நாளாய்
சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு அவர் படுத்தது
கொசுவுக்கில்லை.

ஜங்ஷனில் வாங்கிய பசை. மூடியைத் திறந்ததும்
வீடே பஞ்சர் கடை.
இரண்டு உதட்டிலும் மெல்லிசாய்த் தடவி
விட்டுவிட வேண்டும்.
ஈரத்தில் சேர்த்தால் வழுக்கும், காய்ந்தபின் சேர்த்தால் சேராது,
கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும்.
விரல் வைத்தேன், இன்னும் இல்லை.
வாசலுக்கு வந்தேன். மீன் ஏலத்தில் யாரோ யாரையோ வைகிறார்கள்.
விரல் வைத்தேன்.
இன்னொரு பூச்சு. இன்னொரு காத்திருப்பு.
பிறகு அழுத்தினேன், இரண்டு பெருவிரலும் வெளுக்கும்வரை.

மேலே தையல். வளைந்த ஊசி.
பாதிக் கனத்தில் இறங்கி
பாதிக் கனத்திலேயே ஏற வேண்டும்,
மறுபுறம் தலை காட்டக் கூடாது.
தொடைக்கு மட்டும்
நெருக்கமாய்ப் போட்டேன்,
குழந்தைச் சட்டைக்குப் போடுவது மாதிரி.

"முடிஞ்சிட்டா?"
வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.
"யாரு வலை?" என்றேன், நூலைக் கடித்தபடி.

கொஞ்ச நேரம் மீன் ஏலம் மட்டும் கேட்டது.

"யாரோடதும் இல்ல. அத்துக்கிட்டு வந்த வலை.
பார் மேல கெடந்திருக்கு. கலங்கல்ல தெரியல."
"எவ்வளவு நேரம்?"
"எண்ணல."

உட்கார்ந்தார். தையல் மேல் விரலை ஓட்டினார்,
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, திரும்பவும்.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் காய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது.
இரண்டு நாள் என்றேன்.
தலையாட்டினார்.

கெண்டைக்காலில் அவர் கட்டிக்கொள்ளும் கத்தியை எடுத்து
நகத்தில் வைத்துப் பார்த்தேன். மழுக்கை.
என் பெரிய கத்திரியோடு சேர்த்துத்
தினத்தாளில் சுற்றி மெஷின் மேல் வைத்திருக்கிறேன்.
வியாழக்கிழமை சாணைக்காரர் வருவார்.