வாளியை நகர்த்த வேண்டாம்

மொட்டைமாடிக் கதவில்
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வங்காளத்தில் எழுதித் தந்தவர்
கிட்னிக்காக வந்த ஏழாம் அறைக்காரர்.
எந்த வாளி, ஏன் என்றார்.
மூலையிலிருந்த முயலைக் காட்டினேன்.
அதன் கண்ணில்
ஆறிய கஞ்சி ஏடு கட்டினாற்போல்
ஒரு வெள்ளை.

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
மறந்துவிட்டுப் போன செருப்பு, ஸ்கேன் உறை,
குக்கர் விசில்
எல்லாவற்றுக்கும் ஓர் அலமாரி உண்டு.
முயலை அவர்கள் மறந்துவிட்டுப் போகவில்லை.
இரண்டு ராத்திரி ரயிலில் தாங்காது என்றார்
பியாலியின் அப்பா.
முடி கொட்டிய தலையில் கம்பளிக் குல்லாயோடு
அவள் அதை என் கையில் இறக்கிவிட்டு
துலோ துலோ என்று
காதுக்குள் இரண்டு முறை சொன்னாள்.
காட்பாடிக்கு ஆட்டோ கிளம்பியது.

ஒன்பது வருஷம்.
துலோ என்றால் பஞ்சு என்று
ஏழாம் அறைக்காரர் சொல்லித்தான்
போன மாசம் தெரியும்.
நான் பாட்டுக்கு
துளசி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
அதுவும் வந்துகொண்டிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில்
முன்னால் ஒரு ஜெர்சிப் பசு,
பின்னால் கோழிக்கூடை.
காய்கறிப் பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
டாக்டரம்மா டார்ச் அடித்தார்.
புரை. இடது முழுசாக, வலது முக்கால்.
இந்த வயசில் மயக்க மருந்து கொடுத்தால்
எழுந்திருக்குமோ என்னமோ.
பெயர் துளசி என்றதும்
இது ஆண் என்றார்.
பிறகு சிரிக்காமல்,
"சாமானை இடம் மாத்தாதீங்க.
தொடறதுக்கு முன்னாடி குரல் குடுங்க."

இருபது வருஷத்துக்கு முன்
என்னிடம் யாராவது
இதைச் சொல்லியிருக்கலாம்.

வேலூர் வெயில் பேப்பரில் வருகிற வெயில்.
சித்திரை முடியுமுன் நூற்றெட்டு டிகிரி.
ஐஸாக்கிய தண்ணி பாட்டிலை
ஈரத் துணியில் சுற்றி
வாளிக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கிறேன்.
தகர நிழலில் அதன் சாக்கு.
அங்கிருந்து மீசையால் அளந்து அளந்து
வாளி வரை பதினோரு தத்தல்.
இப்போதெல்லாம் பதினாலு.
கொத்தமல்லிக் காம்பை மூக்கில் தொட்டால்தான்
வாய் திறக்கிறது. அதிலும்
முற்றின காம்பென்றால் முகம் திருப்பும்.
கண்தான் போயிருக்கிறது,
திமிர் அப்படியே.

ஒருநாள் ஏகவல்லி
பெட்ஷீட் ஊறவைக்க வாளியை எடுத்துவிட்டாள்.
நான் பேங்கில்.
வந்து பார்த்தால்
வாளி இருந்த இடத்தில்,
கொதிக்கிற சிமெண்டில்,
பின்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு.
வயிறு துருத்திபோல் ஏறி இறங்கியது.
காது மடலை நனைத்தேன், நனைத்தேன்.
ஏகவல்லி ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் காலை
முள்ளங்கிக் கீரையோடு படியேறியவள்
ஒவ்வொரு படிக்கும் சொன்னாள்:
வரேன்டா, வரேன்டா, நான்தான்.

பேரேட்டில் பியாலி வீட்டு நம்பர் இருக்கிறது.
கூப்பிட்டதில்லை.
உங்கள் முயல் இருக்கிறது என்பேன்.
அதற்கு அவர்கள்
ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
தெருவே புழுங்கியது.
தட்டுத்தடுமாறி மாடிக்குப் போய்
என் வாளியிலேயே முழங்கால் இடித்துக்கொண்டேன்.
அங்கேயே உட்கார்ந்து
துலோ என்றேன், சரியாக,
ஏழாம் அறைக்காரர் சொல்லித்தந்தபடி.
எதுவும் அசையவில்லை.
துளசி என்றேன்.
சாக்கு சரசரத்தது.
சிமெண்டில் நகம் படுகிற சத்தத்தை
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
பன்னிரண்டில் நின்றது.
குரல் கொடுக்கலாமா என்று யோசித்து
கொடுக்காமல்
கையை மட்டும் தரையில் விரித்து வைத்தேன்.