குழி எண் பதினேழு

கண்டாவளைக்குக் கிழக்கே
கனகராயன் ஆறு களப்பைக் காணுமுன்
அகலித்துச் சோம்பிக் கிடக்கும் இடத்தில்
நாலடிக்கு நாலடி, ஆழம் ஐந்து.
வெட்டினவன் ஜெயசீலன். அளப்பவள் நான்.
காணிக்காரி நாகபூசணி தலையில் துவாயோடு
விளிம்பில் குந்தியிருக்கிறாள்.
"அதில இராதேங்கோ அக்கா, இடியும்."
"இடியட்டும். மண்தானே."

நனைத்து உருட்டினேன், உருண்டை நிற்கவில்லை.
பெருவிரலால் தள்ளினேன், நாடா வரவில்லை.
காதருகே தேய்த்தால் சீனி கரகரக்கிற சத்தம்.
ஒவ்வொரு மணியும் தனி,
பக்கத்து மணியோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது.
படிவத்தில் இதற்குப் பெயர்: அமைப்பு இல்லை.

மேலே ஒரு சாண் வெளிறிய மஞ்சள்.
கீழே விரல் தடிப்பில் கறுப்பு வண்டல்,
வெள்ளம் போக மனமில்லாமல் நின்ற நாட்கள்.
அதற்கும் கீழே பருமணல், குருணல் அரிசி மாதிரி:
குளத்துக் கதவெல்லாம் திறந்த மார்கழி.
பிறகும் வண்டல். அதற்குள்
பற்பசை மூடி ஒன்று, பச்சை.
கூடாரம் கட்டுகிற நைலோன் கயிறு, ஒரு முழம்.
பிறபொருட்கள் என்ற நிரலில்
மூடி, கயிறு என்று எழுதினேன்.
எந்த ஆண்டு என்று நிரல் கேட்கவில்லை.

நாகபூசணி எட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"மண்ணின் வகை: இடம்பெயர்ந்தது."
அவள் சிரிப்பில் விளிம்பு கொஞ்சம் உதிர்ந்தது.
"இதுக்கும் பதிவிருக்கோ?
எந்த முகாமில இருந்தது?
நிவாரண மட்டை குடுத்தாச்சோ?"

அடுத்த நிரல் தாய்ப்பாறை.
"இவடத்தில இல்லை அக்கா.
மாங்குளத்துக்கும் அங்கால, சேமமடுப் பக்கம் எங்கேயோ.
மழை உடைக்கும், ஆறு தூக்கிக்கொண்டு வரும்.
களைச்சால் பாரமானதை முதல்ல இறக்கும்,
பிறகு அதைவிடச் சின்னது,
தூள்தான் கடைசிவரை போகும்."
"ஓம். தையல் மெசினைத் தருமபுரத்தில விட்டன்.
கிரைண்டரை விசுவமடுவில.
சட்டி பானை தேவிபுரத்தில.
கடைசிவரை வந்தது காணி உறுதி."

பொலித்தீன் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.
வடக்கு: ஆறு.
ஆறு இப்போது அறுபது கவடு தள்ளி ஓடுகிறது.
"இடையில கிடக்கிற மணல் ஆருக்கு?"
"பிரதேச செயலகத்தில கேளுங்கோ."
"கேட்டன். மண் பகுதியைக் கேக்கச் சொன்னவை."
இராத்திரியில் வருகிற உழவு இயந்திரங்கள்
ஒருவரையும் கேட்பதில்லை.
லைற்றை நூர்த்துவிட்டு இரண்டு கியூப்.

இரண்டு மணிபோலக் கிழக்குச் சுவர் இறங்கியது.
சத்தம் இல்லை.
மூடி கிடந்த வண்டலும் மார்கழியும் மஞ்சளும்
குழியடியில் ஒரே நிறத்தில் ஒரு கூம்பு.
கோணம் அளந்தேன், முப்பத்திரண்டு பாகை.
எங்கே கொட்டினாலும் அந்தச் சரிவில்தான் நிற்கும்,
அதை மட்டும் மறக்காது.
ஜெயசீலன் மண்வெட்டியைத் தூக்கினான்.
வேண்டாம், எழுதியாச்சு என்றேன்.
கடைசி இரண்டு படையை எழுதியிருக்கவில்லை.

"கச்சான் வருமோ பிள்ளை?"
வரும். தண்ணியை ஒரேயடியாய் ஊத்தாதேங்கோ,
இதுக்கு வழிவிடத்தான் தெரியும்.
பசளையும் அப்பிடித்தான், பிரிச்சுப் பிரிச்சு.
மத்தியானம் மேல்மண் காலை அவிக்கும்,
ஒரு சாண் தோண்டினால் கை குளிரும்,
வேர் அங்க போய்ச் சேரும்வரைக்கும்தான் பாடு.
"அப்ப ஒவ்வொரு நாளும் வரவேணும்."
ஓம்.
"அதுக்கென்ன."

பின்னேரம் கிளிநொச்சிக் கந்தோரில்
மாதிரிப் பைகளுக்கு இலக்கம் ஒட்டிவிட்டு
சப்பாத்தைக் கழற்றி உதறினேன்.
இரண்டு தேக்கரண்டி வரும்,
இலக்கம் இல்லாதது.
சீமெந்துத் தரையில் சின்னதாய் ஒரு கூம்பு.
கூட்டுகிற அக்கா காலையில்தான் வருவா.